மெத்தைக்கு வந்த எறும்பு

எறும்பு கொல்வதையே பிழைப்பாக வைத்திருக்கிறவன் வீட்டில் எறும்பு வந்தால் அவன் யாரிடம் போய்ச் சொல்லி அழுவான்? வாத்தியார் பிள்ளை மக்கு என்று ஊர் சிரிக்குமே, அந்தச் சிரிப்புதான் மருந்துக்காரனுக்கு முதலில் காதில் விழுந்தது. அந்தக் கவலையில் மற்றதெல்லாம் அவன் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

மருந்துக்காரர் என்றுதான் எல்லாரும் அவனைக் கூப்பிடுவார்கள். தானியக் கிடங்குகளில் வண்டுக்கும் கரையானுக்கும் எறும்புக்கும் மருந்து வைக்கிற வேலை. ஒரு கிடங்கில் சில வாரம், அடுத்ததில் இன்னும் சில வாரம் என்று ஊர் ஊராகப் போக வேண்டியிருந்ததால், பழைய மினி பஸ் ஒன்றை வாங்கி அதையே வீடாக்கியிருந்தான். சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பின்னால் ஒரு கட்டில், நடுவில் ஒரு பக்கம் அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும், எதிர்ப்பக்கம் மனைவியின் தையல் மெஷின். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் குறுக்காக ஒரு சின்னப் பலகைக் கட்டில். அது மகளுடையது. மருந்து டப்பாக்கள் மட்டும் உள்ளே வரக்கூடாது. வண்டிக்கு அடியில் ஓர் இரும்புப் பெட்டியை முடுக்கி, பூட்டுப் போட்டு வைத்திருந்தான். இந்த வாழ்க்கைக்குச் சம்மதித்தபோது மனைவி போட்ட ஒரே நிபந்தனை அது.

மகளுக்கு ஆறு வயது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். காரணப் பெயர்தான். கிடங்கு மூட்டைகளின் மேல் ஏறிக் குதிப்பதும், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு "வழி, வழி" என்று கத்துவதும், அம்மாவின் ஊசி டப்பாவை ஒளித்து வைத்துவிட்டு அம்மாவோடு சேர்ந்து தேடுவதுமாக இருந்த பிள்ளை. இந்த மூன்று நான்கு வாரமாகத்தான் அந்த வால் சுருண்டு கிடந்தது. எப்போது பார்த்தாலும் படுத்துக்கொண்டாள். கை கால் குச்சியாகிவிட்டது. "வளர்ற பிள்ளை, உயரத்துக்குப் போகுது" என்று மனைவி சொன்னாள். அவனும் ஆமாம் என்றான். பாவாடை இடுப்பில் நிற்காததால் அவள் அதை இரண்டு முறை பிடித்துத் தைத்திருந்தாள்.

எறும்பு வந்தது இந்தக் கிடங்குக்கு வந்து வண்டியை நிறுத்திய பிறகுதான். கறுப்புச் சிற்றெறும்பு, கடிக்காத ஜாதி. ஜன்னல் ரப்பர் ஓரமாக ஏறி, கூரை ஓரமாக நடந்து, மகளின் கட்டிலுக்கு மேலே வந்து இறங்கியது.

முதலில் அவன் செய்ததெல்லாம் சரியாகத்தான் செய்தான். கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த மரக்கிளையை வெட்டினான். கிடங்கிலிருந்து வந்த கரண்ட் வயரில் கிரீஸ் தடவினான். டயரைச் சுற்றிப் பொடியால் வட்டம் போட்டான். எறும்பு நடந்த வழியையெல்லாம் சோப்புத் தண்ணீரால் துடைத்தான். சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் நிற்க வைத்தான். இடுக்குகளைப் பசை போட்டு அடைத்தான். வெளியே, பாட்டில் மூடியில் பாகு ஊற்றி அதில் கொஞ்சம் மருந்துப் பொடி கலந்து வைத்தான். எறும்புகள் அதைச் சுற்றி மொய்த்தன. ஆனால் பாதி வரிசை மூடியோடு நின்றால், மீதிப் பாதி அதைத் தாண்டிப் போய் இன்னொரு இடுக்கைக் கண்டுபிடித்து, நேரே மகளின் மெத்தைக்குத்தான் போயிற்று.

பாகை வைத்தால் பாகைத் தாண்டிப் போகிற எறும்பை அவன் அதுவரை பார்த்ததில்லை. அதுதான் அவனை யோசிக்க வைத்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

காவல்காரர் வேறு எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினார். கிடங்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற மனிதர். காலையில் அவன் டயர் பக்கத்தில் குத்த வைத்திருப்பதைப் பார்த்துவிட்டார்.

"என்ன மருந்துக்காரரே, உங்க வீட்டுக்கே விருந்தாளியா?"

"சும்மா செக் பண்றேண்ணே."

"செக் பண்ணுங்க, செக் பண்ணுங்க. ஊருக்குத்தான் உபதேசமா!" என்று சொல்லி, தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். பொல்லாத மனிதர் இல்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பு அன்று முழுக்க அவன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

உபதேசம் என்று அவர் சொன்னது சரிதான். எந்த வீட்டுக்குப் போனாலும், எந்தக் கிடங்குக்குப் போனாலும் அவன் முதலில் சொல்வது ஒரே வாசகம். "எறும்பு சும்மா வராதுங்க. முதல்ல எதுக்கு வருதுன்னு பாருங்க. வர்ற வழியில மருந்தடிச்சா நாளைக்கு வேற வழியா வரும். தேடி வர்றதை எடுத்துட்டா அதுவா போயிடும்." மருந்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவனே இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது? அவனுக்கு வேலை கிடைத்ததே இந்தப் பேச்சால்தான்.

தன் வீட்டில் மட்டும் அந்தக் கேள்வியை அவன் கேட்கவில்லை. விடை தெரியும் என்று நினைத்துக்கொண்டான். மெத்தைக்கு எறும்பு வருகிறதா, மெத்தையில் தின்பண்டம் இருக்கிறது. தின்பண்டம் இருக்கிறதா, வாலு ஒளித்து வைத்திருக்கிறாள். ஊசி டப்பாவை ஒளித்தவள்தானே?

"வாலு, இங்க வா. என்ன ஒளிச்சு வெச்சிருக்க?"

"ஒண்ணும் இல்லப்பா."

"மிட்டாயா, பிஸ்கட்டா?"

"இல்லப்பா."

மெத்தையைப் புரட்டினான். தலையணை உறையைக் கழற்றி உதறினான். துணிப் பொம்மையின் வயிற்றைக்கூட அமுக்கிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. மெத்தையின் நடுவில், துணி கொஞ்சம் கறை பட்டிருந்த இடத்தில், எறும்புகள் வட்டமாக மொய்த்துக்கொண்டிருந்தன.

"தின்னுட்டு இல்லைங்கிறியா? எறும்பு என்ன உன்னைப் பாக்கவா வருது?"

பிள்ளை பதில் சொல்லாமல் நின்றாள். அந்த மௌனம் அவனுக்குத் திருட்டு முழியாகத் தெரிந்தது. தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தான். பெரிய அடி இல்லை. ஆனால் அவள் அழாமல் போய்க் கட்டில் மூலையில் சுருண்டு படுத்துக்கொண்டாள். பழைய வாலுவாக இருந்தால் கூரை இடிந்து விழுகிற மாதிரி கத்தியிருப்பாள்.

"ஏங்க, அவ சொல்றா இல்ல, ஒண்ணும் இல்லைன்னு" என்றாள் மனைவி, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அப்ப எறும்பு பொய் சொல்லுதா?"

சொல்வதற்கு அவளிடம் வேறொன்று இருந்தது, ஆனால் அதைச் சொல்ல அவளுக்கும் கூச்சம். ஆறு வயதுப் பெண் மறுபடி படுக்கையை நனைக்க ஆரம்பித்திருந்தாள். மூன்று வயதிலேயே நிறுத்தியவள். காலையில் மனைவி சத்தமில்லாமல் விரிப்பை அலசிப் போட்டுவிட்டு மெத்தையை வெயிலில் சாய்த்து வைப்பாள். அவனுக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொண்டான். "நாள் பூராத் தண்ணி, தண்ணின்னு குடிச்சா நனையாம என்ன பண்ணும்" என்று மனைவி சாயங்காலமானதும் தண்ணீர் பாட்டிலை எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிடுவாள். பிள்ளை பாத்திரம் கழுவும் தொட்டிக் குழாயில் வாயை வைத்துக் குடித்ததை ஒருநாள் பார்த்து, அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

தாகத்தில் தவித்த பிள்ளையிடமிருந்து தண்ணீரைப் பிடுங்கி வைத்தார்கள். இத்தனைக்கும் இரண்டு பேரும் அந்தப் பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தவர்கள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஒரு மத்தியானம் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு நூல்கண்டு வாங்கப் போயிருந்தாள். அவன் வண்டிக்கு அடியில் குனிந்து இரும்புப் பெட்டியைத் திறந்தான். கிடங்கில் மூட்டைகளுக்கு இடையில் அடிக்கிற மருந்து. வீட்டில், அதுவும் பிள்ளை படுக்கிற இடத்தில், அடிக்கவே கூடாதது என்று அவனே நூறு பேருக்குச் சொல்லியிருப்பான். கட்டில் பலகைக்கு அடியில், சட்டத்தின் ஓரத்தில், மெத்தையின் கீழ்ப்பக்கத்தில் அடித்தான். ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்தான். அவர்கள் வரும்போது வாடை போயிருந்தது. செத்த எறும்புகளைத் துடைப்பத்தால் கூட்டி வெளியே தள்ளினான். மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலை பிள்ளை எழுந்திருக்கவில்லை.

வாந்தி எடுத்திருந்தாள். வயிறு வலிக்கிறது என்று முனகினாள். நெஞ்சு ஏறி இறங்க, ஓடி வந்தவள் மாதிரி பெரிது பெரிதாக மூச்சு வாங்கினாள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். உதடு வெடித்திருந்தது. வாயிலிருந்து அழுகிய பழம் மாதிரி ஒரு வாடை வந்தது.

நான் வைத்த விஷம், நான் வைத்த விஷம் என்று அதே சொல் தலைக்குள் ஓடியது. வயரைப் பிடுங்கி எறிந்தான். மருந்து டப்பாவை எடுத்து டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் போட்டான். வீட்டையே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான். காவல்காரர் ஒன்றும் கேட்காமல் ஓடிவந்து கேட்டைத் திறந்துவிட்டார்.

எதையும் கட்டி வைக்க நேரமில்லை. வளைவில் திரும்பும்போது தட்டுகள் அலமாரியிலிருந்து விழுந்து உருண்டன. சர்க்கரை டப்பா கவிழ்ந்து தரையெல்லாம் சர்க்கரை. மனைவி பின்கட்டிலில் பிள்ளையை மடியில் போட்டு, ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து மெத்தைக்கு அடியில மருந்தடிச்சேன்" என்றான் அவன், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

பின்னால் ஒரு தட்டு மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உருண்டது.

"கேட்டுச்சா? நான்தான்..."

"வண்டிய ஓட்டுங்க" என்றாள் அவள்.

பத்து வருஷத்தில் அவள் அந்தக் குரலில் அவனிடம் பேசியதில்லை.

சின்ன ஆஸ்பத்திரிதான். அவசரப் பிரிவு என்றால் இரண்டு கட்டிலும் ஒரு திரையும். டாக்டர் அம்மா கேள்வி கேட்பதற்கு முன்பே அவன் டப்பாவை நீட்டினான். "இது உள்ள போயிருக்கு டாக்டர். நான்தான் அடிச்சேன். பிள்ளை படுக்கிற இடத்துல அடிச்சேன்." அப்படிச் சொல்கிற தகப்பனை யார் நம்பாமல் இருப்பார்கள்? டாக்டர் டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்தார், பிள்ளையின் கண்ணில் லைட் அடித்துப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். விஷத்துக்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அதையெல்லாம் ஆரம்பித்தார். நர்ஸ் ஈரமாகியிருந்த பாவாடையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் சுவரோரமாகப் போட்டுவிட்டு, பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றினார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்கள்.

"ஏதோ ஒத்து வரலையே" என்று டாக்டர் தனக்குள் சொன்னது அவன் காதில் விழுந்தது. "இந்த மருந்துன்னா கண்ணு இப்படி இருக்காதே."

திரைக்கு இந்தப் பக்கம் மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு அவள் பக்கத்தில் உட்காரத் துணிவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து திரைக்கு அடியில் கட்டில் கால்கள் தெரிந்தன, நர்ஸின் செருப்பு தெரிந்தது, பிள்ளையின் பாவாடை தெரிந்தது. எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று அவனுக்குத் தெரியாது. கடவுளே, அவளை விட்டுடு, என்னை எடுத்துக்கோ என்று வேண்டிக்கொண்டிருந்தான்.

அப்போது பாவாடையின் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி அசைந்தது.

பழக்கம். எறும்பைப் பார்த்தால் அவன் கண் தானாகவே வரிசையைத் தேடும். ஜன்னலுக்குக் கீழே சுவர் வெடித்திருந்த இடத்திலிருந்து மெல்லிசாக ஒரு கோடு புறப்பட்டிருந்தது. மூலையில் குப்பைக் கூடை இருந்தது. அதில் யாரோ குடித்துவிட்டுப் போட்ட டீக் கப் இருந்தது. கோடு அதன் பக்கத்தில் லேசாக வளைந்து, பெரும்பகுதி நேராகப் பாவாடைக்குப் போயிற்று. ஈரம் பட்ட இடத்தில் வட்டமாக மொய்த்தது. மெத்தையில் பார்த்த அதே வட்டம்.

இது அவன் வண்டி இல்லை. இங்கே அவள் எதையும் ஒளித்து வைக்கவில்லை.

எதுக்கு வருது? பத்து நாள் பிந்தி, ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்துகொண்டு, அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான். கேட்டதும் தாகமும், குழாயில் வைத்த வாயும், நனைந்த விரிப்பும், பிடித்துத் தைத்த பாவாடையும் எல்லாம் சேர்ந்து வந்து நெஞ்சில் அறைந்தன. சிறுநீரில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை நோய் என்று எத்தனை வீட்டுக் கொல்லையில் அவன் கேட்டிருக்கிறான்! தாத்தாக்களைப் பற்றிச் சொல்வார்கள். பல் விழுந்து முளைக்கிற பிள்ளைக்கும் அது வரும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனான்.

"டாக்டர், விஷம் இல்ல டாக்டர். இதைப் பாருங்க. பிள்ளை ஒண்ணுக்குப் போன துணியில எறும்பு வருது. வீட்டுலயும் மெத்தைக்குத்தான் வந்துச்சு. நிறையத் தண்ணி குடிக்கிறா. இளைச்சுட்டா. நாங்க தண்ணியக்கூட..."

டாக்டர் குனிந்து பாவாடையைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு பிள்ளையின் வாய்ப்பக்கம் குனிந்து மோந்தார். "சிஸ்டர், சர்க்கரை பாருங்க, சீக்கிரம்" என்றார். பிள்ளையின் விரல் நுனியில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். சின்ன மெஷின் எண்ணைக் காட்டவே இல்லை, அளவுக்கு மேலே என்று மட்டும் காட்டியது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. கையில் ஊசி ஏற்றித் தண்ணீர் பாய்ச்சினார்கள், இன்சுலின் போட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸ் வந்தது. ஏற்றும்போது டாக்டர் அவன் தோளைத் தொட்டார். "நீங்க விஷம்னு சொன்னதும் நானும் அதையே பிடிச்சுக்கிட்டேன். முதல்லயே பாத்திருக்கணும். நல்லவேளை, வந்து சொன்னீங்க." அவன் கையெடுத்துக் கும்பிட்டான். யாரை மன்னிக்கச் சொல்லிக் கும்பிட்டான் என்று அவனுக்கே தெரியாது.

மறுநாள் சாயங்காலம் வாலு கண்ணைத் திறந்து முழுசாகப் பார்த்தாள். மூச்சு சாதாரணமாகியிருந்தது. கையில் ஒட்டியிருந்த குழாயைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். தொண்டை கரகரத்தது.

"அப்பா. நான் மிட்டாய் ஒளிச்சு வெக்கல."

சாவின் வாசல் வரைக்கும் போய்த் திரும்பிய பிள்ளை முதலில் சொன்னது அதுதான். தூக்கத்திலும் மயக்கத்திலும் அவன் வைத்த அந்தக் குட்டை அவள் சுமந்துகொண்டே இருந்திருக்கிறாள். அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து, குட்டிய இடத்தில் உதட்டை வைத்து, ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் வாய்விட்டு அழுதான்.

"தெரியும் கண்ணு. அப்பாதான் தப்பு. நீ பொய்யே சொல்லல."

மனைவி எழுந்து வந்து அவன் முதுகில் கையை வைத்தாள். மன்னித்துவிட்டாள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. தண்ணீர் பாட்டிலை ஒளித்து வைத்த கை அது, அவளுக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது.

பிள்ளை வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அவளுடைய கட்டில் பலகையைக் கழற்றி வெளியே எறிந்துவிட்டு, புதுப் பலகையும் புது மெத்தையும் போட்டான். வண்டியை மூன்று முறை கழுவினான். இரும்புப் பெட்டியை வண்டியிலிருந்து அறுத்தெடுத்துக் கிடங்கிலேயே ஒரு மூலையில் வைத்தான். காவல்காரர் வந்து ஒரு கை பிடித்தார், ஜோக் எதுவும் சொல்லவில்லை.

ஊசி போட மனைவிதான் முதலில் பழகினாள். துணி தைக்கிற கை, ஊசிக்குப் பயப்படாது. மருந்திலேயே காலம் தள்ளியவனுக்கு அந்தச் சின்னக் குழாயில் மருந்தை இழுத்துக் குத்தும்போதெல்லாம் கண் தானாக மூடிக்கொள்ளும். "அப்பா, கண்ண மூடிக்காதீங்க. நான்தானே மூடணும்" என்பாள் வாலு. காலையில் எழுந்ததும் அவன் முதலில் போய் விரிப்பைத் தடவிப் பார்ப்பான். உலர்ந்திருக்கும். ஓர் எறும்பு இருக்காது. அப்புறம்தான் பல் விளக்கப் போவான்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் எறும்பு மறுபடி வந்தது.

ஜன்னல் ரப்பர் ஓரம், அதே வழி. கோடு மகளின் கட்டிலுக்கு மேலே இறங்குவதைப் பார்த்ததும் கட்டிலுக்கு ஓடினான். கையை வைத்துப் பார்த்தான், விரிப்பு உலர்ந்துதான் இருந்தது. துடைக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. குத்த வைத்து உட்கார்ந்து, எறும்பு போகிற பக்கமே கண்ணைக் கொண்டுபோனான். கோடு தலையணையைச் சுற்றி, துணிப் பொம்மையின் முதுகில் ஏறி, அதன் சட்டைக்குள் போயிற்று. சட்டையை விலக்கினான். உள்ளே காகிதத்தில் சுற்றிய இரண்டு பிஸ்கட்.

வாலு விழித்துக்கொண்டிருந்தாள். அவன் கையையே பார்த்தாள்.

"டாக்டர் ஆன்ட்டி சொன்னாங்க, சர்க்கரை குறைஞ்சு கை நடுங்குனா உடனே இனிப்பா சாப்பிடணும்னு. பக்கத்துலயே வெச்சுக்கணும்னு. அதான்..." என்று நிறுத்தினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஒளிச்சு வெச்சது தப்பாப்பா?"

இல்லை என்று தலையை ஆட்டினான். கீழே இறங்கிப் போய், தன் சாமான்களில் புதுசாக இருந்த, மூடி இறுக்கமான ஒரு தகர டப்பாவை எடுத்துத் துடைத்தான். எறும்பு நுழைய முடியாத டப்பா எது என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? புது பிஸ்கட் இரண்டை அதில் போட்டு, மூடியை அவளையே திறந்து மூடிப் பார்க்கச் சொன்னான். அவள் கைக்கு அது திறந்தது. பிறகு அதைப் பொம்மையின் சட்டைக்குள் அவளே வைத்தாள். அவன் சட்டையின் பட்டனைப் போட்டுவிட்டு, சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துக்கொண்டு வந்து எறும்பு வந்த வழியைத் துடைக்க ஆரம்பித்தான்.